ஓடாத வேனுக்கு ஓயாத விழா

மாநகராட்சியின் டயாலிசிஸ் வேன் புகை விடுகிறது என்று யாரோ புகார் கொடுத்தார்கள். புகார் நியாயமானதுதான். அந்த வேன் கிளம்பினால் தெருமுனை வரைக்கும் கறுப்பாக ஒரு வால் கூடவே போகும். ஆனால் கிளம்பும். மாநகராட்சியின் எத்தனையோ வண்டிகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அது நகரத்தின் ஒரு கோடியில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். ஐந்து பேருக்கும் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது. மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் அடுத்த முறை வரைக்கும் தாங்கும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் கண்ணாடிக்காரரின் மனைவி. கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி. கடைத்தெருவில் ஆள் திரும்ப இடமில்லாத ஒரு கடை. உடைந்த காது, கழன்ற திருகு, கீறல் விழுந்த சில்லு எல்லாம் அவர் கைக்கு வரும். வம்பு தும்புக்குப் போகாத மனுஷன். அரசாங்கக் கட்டடம் எதற்குள் நுழைந்தாலும் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

வேன் ஓட்டியவரை எல்லோரும் ஹாரன் என்றே கூப்பிட்டார்கள். காலையில் தெருவுக்குத் தெரு ஒரு தடவை அடிப்பார். ஐந்து வீட்டிலும் கதவு திறக்கும்.

மாநகராட்சி அந்தப் புகையை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டது. ஒரு விஷயத்தை மாநகராட்சி தீவிரமாக எடுத்துக்கொண்டால் நாமெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது உடம்புக்கு நல்லது. மன்றம் கூடியது. இனிமேல் வாங்கும் வண்டி எதுவும் புகை விடாது என்று தீர்மானம் போட்டார்கள். டயாலிசிஸ் வேனுக்குப் பதிலாக மின்சார வேன் ஒன்று வாங்க உத்தரவானது.

கொள்முதல் பிரிவில் 'ஒரு வேலைக்கு ஒரு வண்டி' என்று ஒரு விதி இருக்கிறது. புது வண்டி உள்ளே வருவதற்கு முன் பழைய வண்டி வெளியே போயிருக்க வேண்டும். ரெண்டும் ஒரே நேரத்தில் வளாகத்துக்குள் நின்றால் தணிக்கையில் கேள்வி வரும். ஆகவே ஒரு திங்கட்கிழமை, பழைய வேன் தன் புகையோடு பின்வாசல் வழியாகக் காயலான் கடைக்குப் போனது. புது வேன் முன்வாசல் வழியாக வந்தது. வெள்ளை வெளேரென்று, பக்கத்தில் பச்சை இலை வரைந்து, பார்க்க அம்சமாக இருந்தது. அதை ஒரு டீசல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் சார்ஜ் இல்லை.

மறுநாள் செவ்வாய். தெருவில் ஹாரன் கேட்கவில்லை. கண்ணாடிக்காரரின் மனைவி கைப்பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிய பிறகு எழுந்து உள்ளே வந்து, "என்னங்க, பஸ்ஸுல போயிடலாமா?" என்றாள்.

ரெண்டு பஸ் மாறிப் போனார்கள். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போதுதான் தொல்லை. மெஷினிலிருந்து எழுந்தவளுக்குத் தலை நிற்காது. பஸ்ஸில் உட்கார இடமில்லை. இறங்கும் இடத்தில் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்காரர் அவளைத் தூக்க முடியாமல், தானும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். போகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மாநகராட்சிக்குப் போனார்.

கொள்முதல் அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். வேனைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா வண்டிய? எப்படி?"

"பாத்தேங்க. நல்லா இருக்கு. எப்ப ஓடும்னு கேக்கத்தான்..."

"ஓடறதா?" அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "பெரியவரே, நான் சொல்றத நிதானமா கேளுங்க. இது கொள்முதல் பிரிவு. நாங்க வாங்குவோம். வாங்கின வண்டி ஓடுதா ஓடலையான்னு நான் எட்டிப் பாத்தா, அது இன்னொரு பிரிவோட அதிகாரத்துல தலையிடற மாதிரி. இந்த நாற்காலில பதினாறு வருஷமா உக்காந்திருக்கேன். நான் வாங்கின ஒரு வண்டியக்கூட ஓடிப் பாத்தது கிடையாது. அவ்வளவு சுத்தமான சர்வீஸ்."

"அப்ப யாரைங்க பாக்கணும்?"

"எரிபொருள் பிரிவு. கீழ. அவங்க கரண்ட் வாங்கிப் போட்டா வண்டி தானா ஓடும்."

எரிபொருள் பிரிவின் கண்காணிப்பாளர் மெலிந்த ஆள். அவர் மேஜைமேல் நீளமான இரும்புக் குச்சி ஒன்று கிடந்தது. தினமும் சாயங்காலம் எல்லா வண்டிகளின் டீசல் டேங்கிலும் அந்தக் குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரைக்கும் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. பேசும்போதும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"கரண்டும் எரிபொருள்தான்னு மேலிடத்துல முடிவாயிடுச்சு. எரிபொருள் வாங்கணும்னா மூணு பேர்கிட்ட விலை கேக்கணும். யார் கம்மியோ அவங்களுக்கு ஆர்டர். மின்வாரியத்துக்கு எழுதினோம், விலை அனுப்பிட்டாங்க. இன்னும் ரெண்டு பேர் வேணும்."

"ஊர்ல கரண்ட் குடுக்கறது மின்வாரியம் ஒண்ணுதானுங்களே?"

"அது அவங்க பிரச்சனை," என்றார் கண்காணிப்பாளர். "போட்டியே இல்லாம ஒருத்தர்கிட்ட வாங்கினா நாளைக்கு என் கைக்குத்தான் விலங்கு."

கண்ணாடிக்காரர், தன் மனைவிக்கு மூச்சு வாங்குவதைச் சொன்னார். கண்காணிப்பாளர் கவனமாகக் கேட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருக்குக் கண்கூடக் கலங்கியது. "சீக்கிரம் பண்ணிடறேன். இன்னும் ரெண்டே ரெண்டு பேர்தான்," என்றார்.

சொன்னபடியே செய்தார். டார்ச் பேட்டரி விற்கும் மொத்த வியாபாரி ஒருவரிடமும், மெழுகுவத்திக் கடைக்காரர் ஒருவரிடமும் விலை கேட்டு வாங்கினார். இருவரும் வெளிச்சம் சம்பந்தப்பட்ட தொழிலில் இருப்பவர்கள் என்பதால் ஆட்சேபணை எழவில்லை. உறைகளைப் பிரித்துப் பார்த்ததில் மெழுகுவத்திக்காரர் போட்டிருந்ததுதான் குறைந்த விலை. நகரத்தின் மின்சார வேனுக்கு மின்சாரம் தரும் ஆர்டர் அவருக்குப் போனது.

மெழுகுவத்திக்காரர் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயா, வத்தி வேணும்னு நெனச்சு விலை போட்டேன். எங்கிட்ட கரண்ட் இல்லையே."

"ஆர்டர் எடுத்துட்டு சப்ளை பண்ண மாட்டேன்னு சொல்றீங்களா?"

"வத்தி எவ்வளவு வேணும்னாலும் தரேன்."

அவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். மாநகராட்சிக்கு இனி மின்சாரம் விற்கக்கூடாது என்று தடை போட்டார்கள். அவர் இன்றைக்கு வரைக்கும் அந்தத் தடையை மீறவில்லை. மறுபடி முதலிலிருந்து விலை கேட்க உத்தரவானது.

இதற்குள் கண்ணாடிக்காரரின் மனைவிக்குக் கால் ரெண்டும் பொதுபொதுவென்று வீங்கிவிட்டது. செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். வாடகைக்கார் வைத்து நடுவில் சில தடவை கூட்டிப் போனார். கடை வருமானத்தில் அதை ரொம்ப நாள் இழுக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

அவர் தினம் மாநகராட்சிக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். ஒரு நாள் கண்காணிப்பாளர் அவரைப் பார்த்ததும் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"வாங்க வாங்க. வண்டில டேங்க் வச்சாச்சு!"

"மின்சார வண்டிக்கு டேங்க் எதுக்குங்க?"

"குச்சி விடணுமே." கண்காணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். "வளாகத்துல நிக்கற எல்லா வண்டிலயும் தெனம் குச்சி விட்டு அளவு எழுதணும். இந்த வண்டில விட இடமே இல்ல. ஒரு நாள் எழுதாம விட்டா திருட்டுன்னு அர்த்தம். அதான் சின்னதா ஒரு டேங்க் வச்சிட்டோம்."

அது சின்னதாக இல்லை. நோயாளிகள் உட்காரும் பகுதியில் மூன்று இருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைத்திருந்தார்கள். காலியாக வைத்தால் 'இருப்பு இல்லை' என்று எழுத வேண்டியிருக்கும், மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். அதனால் டீசலை ஊற்றி நிரப்பியிருந்தார்கள். டேங்கிலிருந்து எந்தக் குழாயும் எங்கேயும் போகவில்லை. தினமும் சாயங்காலம் குச்சி விட்டார்கள். தினமும் அளவு ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் இருந்தது. எரிபொருள் சிக்கனத்தில் அந்த வேன் முதல் மாதமே மற்ற எல்லா வண்டிகளையும் முந்திவிட்டது.

மேலே இருந்து கொள்முதல் அதிகாரியும் இறங்கி வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சற்று யோசித்தார்.

"இதுல பேட்டரியும் இருக்கு, டீசலும் இருக்கு. அப்ப இது ஹைப்ரிட்."

"ரெண்டுலயும் ஓடலையேங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்க ஓடறதுலயே இருக்கீங்க." அதிகாரிக்கு லேசாக வருத்தம். "ஒரு வண்டி வாங்கின விலைக்கு ரெண்டு வகை வண்டி கெடச்சிருக்கு. அத சொல்ல மாட்டேங்கறீங்க."

அடுத்தது சோதனை ஓட்டம். புது வண்டி எதுவும் சோதனை ஓட்டம் முடிக்காமல் ஆட்களை ஏற்றக்கூடாது. பேட்டரியில் சார்ஜ் ஏற்ற இன்னும் மின்சாரம் வாங்கி முடியவில்லை என்பதால் பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வரவழைத்தார்கள். அதை ஒரு லாரியில் ஏற்றினார்கள். லாரியிலிருந்து தடித்த கம்பி ஒன்றை இழுத்து வேனின் பின்பக்கம் மாட்டினார்கள். இப்போது வேன் முன்னால் போனால் லாரி பின்னாலேயே போக வேண்டும். கம்பி இழுபடாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஒருவர் ஓடி வர வேண்டும். அந்த வேலைக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள்.

நோயாளிகள் ஐந்து பேரையும் வளாகத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். கண்ணாடிக்காரருக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது. வாடகைக்கார் பிடித்து மனைவியைக் கூட்டி வந்தார். கைப்பையை அவளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வளாகத்தில் ஒரு எடை மெஷின் இருந்தது. ஐந்து பேரையும் அதில் ஏற்றி இறக்கினார்கள். பிறகு ஒவ்வொருவர் எடைக்கும் சரியாக ஒரு சாக்கில் மணல் நிரப்பித் தைத்தார்கள். ரெண்டு மூட்டையை இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் போட்டார்கள். மூன்று மூட்டையை டேங்க் மேலே அடுக்கினார்கள். வேன் கிளம்பத் தயாரானது.

கண்ணாடிக்காரரின் மனைவி எடை மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போகுது?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கும்மா," என்றார் கண்காணிப்பாளர். "வாசல்ல பத்து நிமிஷம் நின்னுட்டுத் திரும்பும்."

"அந்த மூட்டைய எறக்கிட்டு நான் ஏறிக்கறேனே. அதே எடைதானே?"

கண்காணிப்பாளர் தலையை ஆட்டினார். "அதெப்படிம்மா? நீங்க போகும்போது ஒரு எடை, மெஷின்ல படுத்து எந்திரிச்சா ஒரு எடை. ஒடம்புல நிக்கிற தண்ணி மூணு கிலோ, நாலு கிலோ எறங்கிடும்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. சோதனை தப்பாயிடும். மூட்டைன்னா போனபடியே வரும்."

மணல் மூட்டைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தன. முன்னால் வேன், பின்னால் ஜெனரேட்டர் லாரி, நடுவில் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர். லாரி விட்ட புகையில் அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. புகை அளக்கும் கருவியை வேனின் பின்புறம் வைத்துப் பார்த்தார்கள். முள் அசையவே இல்லை. சுத்தமாகப் பூஜ்யம்.

கண்ணாடிக்காரருக்கு அன்றைக்கு அழுகை வந்தது. வெளிப்படையாகவே அழுதார். தன் பெண்டாட்டியின் எடையுள்ள மணல் ஜம்மென்று ஆஸ்பத்திரிக்குப் போய்வர, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அங்கே நின்றவர்கள், புகையில்லாத நகரம் கிடைத்த சந்தோஷத்தில் அவர் அழுவதாக நினைத்துப் படம் எடுத்தார்கள்.

அந்தப் படம்தான் வேலை செய்தது. மக்கள் தொடர்பு அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். அவர் இளைஞர், துறுதுறுவென்று இருப்பவர். நகரத்தின் முதல் புகையில்லாப் பயணத்துக்குப் பாராட்டு விழா எடுக்க அன்றைக்கே ஏற்பாடு செய்தார். பயனாளிகள் என்று மேடையில் உட்கார ஐந்து பேர் வேண்டும். பயனாளி இல்லாத விழா உப்பில்லாத சாப்பாடு மாதிரி என்பது அவர் கருத்து.

விழா வியாழக்கிழமை காலை. தெருவில் ஹாரன் கேட்டது.

கண்ணாடிக்காரரின் மனைவி நிமிர்ந்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். வெளியே வந்து பார்த்தால் பெரிய கார் ஒன்று, டீசல் வாசனையோடு உறுமிக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஹாரன்.

"என்னண்ணே, இங்க எங்க?"

"வேன் போனதும் என்னை விழாப் பிரிவுக்கு மாத்திட்டாங்கம்மா. ஏறுங்க. மத்த நாலு பேரும் உள்ள இருக்காங்க."

"இதுக்கு டீசலு குடுக்கறாங்களா?"

"விழாப் பிரிவுக்கு எப்பவும் டேங்க் ஃபுல்லுதான். குச்சியெல்லாம் கிடையாது. விழான்னா யாரும் அளக்க மாட்டாங்க."

மேடையில் ஆணையர் பேசினார். நல்ல பேச்சு. "நண்பர்களே, மற்ற நகரங்களில் வண்டி ஓடி, புகை குறைந்திருக்கிறது. அதில் என்ன பெருமை? நம் நகரத்தில் வண்டி ஓடாமலே புகையைப் பூஜ்யமாக்கியிருக்கிறோம். இதைச் செய்ய முடியாது என்றார்கள். நான் சொன்னேன், நம்முடைய அதிகாரிகளை உங்களுக்குத் தெரியாது என்று." கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

விழா முடிந்து காரில் ஏறியதும், கண்ணாடிக்காரரின் மனைவி முன்னால் சாய்ந்து ஹாரனின் தோளைத் தொட்டாள்.

"அண்ணே, எங்கள வீட்டுல எறக்கணும்னு சொன்னாங்களா?"

"பத்திரமா கொண்டு போய் எறக்கணும்னு சொன்னாங்க."

"எங்கன்னு சொல்லலையே. ஆஸ்பத்திரில எறக்குங்க. முடிஞ்சதும் நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

ஹாரன் ஒரு கணம் யோசித்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். அன்றைக்கு ஐந்து பேருக்கும் மெஷின் கிடைத்தது. சாயங்காலம் கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. ராத்திரி அவள் படுத்துத் தூங்கினாள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் அவள் காபி குடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்த விழாத் தம்பி நம்பர் வச்சிருக்கீங்களா?"

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கூட்ட அரங்கில் தேதி பதியும் வேலை பார்த்தவள். ஒரே தேதிக்கு மூன்று பேர் முட்டிக்கொண்டு வந்தாலும், மூவரையும் சிரித்த முகத்தோடு அனுப்புவாள். மக்கள் தொடர்பு அதிகாரியிடம் போனில் அரைமணி நேரம் பேசினாள். பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரருக்கு அவள் பேசிய பாதி மட்டும் கேட்டது.

"இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரே விழாவாப்பா?... அதச் சொல்லு. சார்ஜ் போடற கம்பம் எங்க நடப்போறாங்கன்னு இடம் காட்டறதுக்கு ஒரு விழா வைக்க மாட்டீங்களா?... சனிக்கிழமை. ஆமா, சனிதான் கூட்டம் வரும்... அப்பறம் பலகை தெறப்பு. அது செவ்வாய்... சேச்சே, எங்களுக்கென்ன கஷ்டம்? கார் அனுப்பினா அஞ்சு பேரும் வந்துடறோம். காலைல சீக்கிரமா முடிச்சிட்டா போதும்."

ஒரு வேனுக்கு மின்சாரம் வாங்க முடியாத மாநகராட்சிக்கு, வாரத்தில் மூன்று விழா நடத்துவது ஒரு விஷயமே இல்லை. இடம் காட்டும் விழா நடந்தது. 'இங்கே விரைவில் சார்ஜ் செய்யப்படும்' என்ற பலகையின் திறப்பு விழா நடந்தது. பலகையில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று பெரிய பலகை திறப்பு விழா. மணல் மூட்டைகளைக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கும் விழா. கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்குக் கேடயம் வழங்கும் விழா. விழாப் பிரிவுக்கு இன்னொரு டீசல் கார் வாங்கினார்கள். அதற்கு மூன்று விலை கேட்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. ஐந்து பேரும் மேடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, கை தட்ட வேண்டிய இடத்தில் தட்டிவிட்டு, மெஷினுக்குப் போனார்கள். கண்ணாடிக்காரரின் மனைவிக்குச் செருப்பு நுழைந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படியே ஒழுங்கா வாங்கம்மா" என்றார். கண்ணாடிக்காரர் மறுபடி முழுநாள் கடை திறந்தார். மாநகராட்சியைப் பற்றி யாராவது குறை பேசினால், திருகாணியை முடுக்கிக்கொண்டே, "என்ன இருந்தாலும் அவங்களும் செய்யறாங்கப்பா" என்றார். அவர் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பிழைத்துக் கிடக்கும் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு யாரால் கிண்டல் செய்ய முடியும்?

ஒரு தடவை மட்டும் மக்கள் தொடர்பு அதிகாரியிடம் பேச்சுவாக்கில் கேட்டார்: "தம்பி, வேன் ஓட ஆரம்பிச்சிட்டா இந்த விழாவெல்லாம்?"

"ஓட ஆரம்பிச்சிட்டா அப்பறம் என்னங்க விழா?" அதிகாரி சிரித்தார். "ஓடற வண்டிக்கு யாரு விழா எடுப்பா? கார் எல்லாத்தையும் வேற திட்டத்துக்கு அனுப்பிடுவோம்."

அன்றைக்குக் கண்ணாடிக்காரர் கடைக்குப் போனதும் ஒருவருடைய லென்ஸை வலது இடது மாற்றி மாட்டிவிட்டார். அந்த வேனில் இப்போது ரெண்டே இருக்கை. ஐந்து பேரில் எந்த ரெண்டு பேர்?

அவர் பயந்தது நடந்தது. ஒரு சனிக்கிழமை, வளாகத்தில் விழா முடிந்து மற்றவர்கள் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்கும் கொட்டகைப் பக்கம் ஒருவர் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். தோளில் கம்பிச் சுருள், இடுப்பில் கொறடு. மின்வாரியத்து லைன்மேன்.

கண்ணாடிக்காரர் வேகமாக நடந்தார். "என்னப்பா பண்றே?"

"கனெக்‌ஷன் குடுக்க வந்தேன். மறுபடி விலை கேட்டதுல எங்களுக்கே ஆர்டர் ஆயிடுச்சு." லைன்மேன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "ஒரு மணி நேர வேலைதான். சாயங்காலம் வண்டி ஓடும்."

"ஓடுமா?"

"ஜம்முனு ஓடும்."

கண்ணாடிக்காரர் கொட்டகையில் நின்ற வேனுக்குள் இருந்த இருக்கைகளை எண்ணினார், ரெண்டு. திரும்பிப் பார்த்தார். காரின் கதவு திறந்திருந்தது. அவர் மனைவி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கை கொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா, பின்தெருத் தையல்காரர், ஸ்கூல் வாட்ச்மேன், முனை வீட்டுக் கல்லூரிப் பெண், இவள். ஐந்து பேர்.

அவருக்கு அதுவரை அரசாங்கக் கட்டடத்துக்குள் உரக்கப் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்குக் குரல் தானாக வந்தது. மாநகராட்சி மேஜைகளுக்குப் பின்னாலிருந்து கேட்டு உங்களுக்கும் எனக்கும் பழக்கப்பட்ட குரல்தான்.

"ஏம்ப்பா, விழா எதுவும் வைக்காம நீ பாட்டுக்கு ஏணிய சாத்தறியே? யாரு உனக்கு சொன்னது?"

லைன்மேன் திகைத்தார். "விழாவா? கனெக்‌ஷன் குடுக்கறதுக்கா?"

"பலகைக்கே ரெண்டு தடவை விழா நடந்திருக்கு. கனெக்‌ஷன நீ தனியா வந்து குடுத்துட்டுப் போயிடுவியா? நாளைக்கு ஆணையர் கேட்டா யாரு பதில் சொல்றது? மொதல்ல கம்பிய எடுத்து வைக்கற விழா இருக்கு. அப்பறம் ஏணிக்கு இருக்கு. எல்லாத்துக்கும் தேதி குடுக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

லைன்மேன் பாவம், குடும்பஸ்தர். மளமளவென்று ஏணியை மடக்கினார்.

"தெரியாம வந்துட்டேன் சார். சொல்லி அனுப்புங்க சார், வரேன்."

"சொல்லி அனுப்பறோம்," என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த வளாகத்தில் அவரை ஒருவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. காதுக்கு இதமாக இருந்தது. அப்படி இருந்தது அவருக்கே பிடிக்கவில்லை. நேர்மையாக ஒரு வேலையை முடிக்க வந்தவனைத் துரத்திவிட்டு நிற்கிறோம் என்று தெரிந்தது. கூப்பிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. வாயைத் திறந்தார்.

"என்னங்க, நேரமாச்சு. மெஷின் போயிடும்," என்று அவர் மனைவி காரிலிருந்து குரல் கொடுத்தாள். ஹாரன் ஒரு தடவை அடித்தார். கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டு, லைன்மேன் வாசலைத் தாண்டும் வரை நின்று பார்த்துவிட்டு, வந்து வண்டியில் ஏறினார்.